கையும் பானையும்

கலிபோர்னியாக் கடலில் சிங்கி இறால் பிடிக்க மூழ்குகிறவனுக்கு எந்தக் கருவியும் கூடாது என்கிறது சட்டம். மூச்சுக் குழாயைக் கடித்துக்கொண்டு, பாறை இடுக்கில் வெறுங்கையை விட வேண்டும். ஓடு 3¼ அங்குலத்துக்குக் குறைந்தால் உடனே விட்டுவிட வேண்டும். ஒரு நாளைக்கு 7-க்கு மேல் ஆகாது.

நியாயமான போட்டிதான். வாலை ஒரு முறை சுண்டினால் இறால் பின்னோக்கிப் பாய்ந்து தப்பிவிடும். ஆனால் சமையலறையில்? கொதிக்கும் பானையில் பாறை இடுக்கு ஏது?

அதற்கு வலிக்குமா என்று நெடுங்காலம் வாதாடினோம். உணர்விழக்கச் செய்யாமல் கொதிநீரில் இடுவதைச் சுவிட்சர்லாந்து 2018-இல் தடுத்தது. உணர்வுள்ள உயிர்களின் வரிசையில் இந்த இனத்தையும் 2022-இல் பிரிட்டிஷ் சட்டம் சேர்த்தது.

ஓட்டலில் உண்பவன் கையில் கறையில்லை. அதனால் அவன் குற்றமற்றவனா? அவனுக்காக வேறொருவன் கொன்றான், அவ்வளவுதான். பிடித்தவனுக்கோ அந்தச் சமாதானமும் இல்லை. உயிர் திமிறியதை அவன் விரல்கள் அறியும். அறிந்த கை ஒரு நொடியில் முடிக்கட்டும். மனம் வராவிட்டால் கடலிலேயே விட்டுவிடட்டும். பானையை மூடிவிட்டு, சத்தம் கேட்காத அறைக்குப் போய் உட்கார்ந்துகொள்ள மட்டும் அதற்கு உரிமையில்லை.