காட்டுக்குப் போவோம், குடும்பத்தோடு



பஞ்சபூதங்கள் எவை என்று கேட்டால் நம் சமய வகுப்பில் சின்னப் பிள்ளைகூட மூச்சு விடாமல் சொல்லும். நிலம், நீர், நெருப்பு, காற்று, ஆகாயம். எந்தத் தலம் எதற்கு என்றும் சொல்லும். காஞ்சி நிலம், திருவானைக்கா நீர், திருவண்ணாமலை நெருப்பு, காளத்தி காற்று, சிதம்பரம் ஆகாயம். ரொம்பச் சரி. அதே பிள்ளையிடம், "ஓடுற ஆத்துல கடைசியா எப்போம்மா கால் வெச்சே?" என்று கேட்டுப் பாருங்க. நான் கேட்டேன். பத்துப் பேரில் இரண்டு பேர்தான் கை தூக்கினார்கள்.

நாம் பாசிர் கூடாங் பிள்ளைகள். ஒரு பக்கம் துறைமுகம், இன்னொரு பக்கம் இரசாயன ஆலைகளும் எண்ணெய்த் தொட்டிகளும். அவற்றைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. என் அப்பாவின் சம்பளம், என் படிப்புச் செலவு எல்லாம் ஓர் ஆலையில் இருந்துதான் வருகிறது. நானும் இயந்திரப் பொறியியல் படிக்கிறேன். நாளைக்கு அங்கேதான் வேலைக்கு நிற்பேன். என் கேள்வி வேறு. நாம் தினமும் விளக்கேற்றி வணங்கும் இந்த ஐந்தையும் எங்கே, யாரோடு போய்ப் பார்க்கிறோம்?

காட்டில் வளர்ந்த சமயம்

வேத நூல்களில் ஒரு பகுதிக்கு ஆரணியகம் என்று பெயர். ஆரணியம் என்றால் காடு. உபநிடதங்களில் மிகப் பெரியவற்றில் ஒன்றான பிருகதாரண்யகத்தின் பெயருக்கே 'பெரிய காடு' என்று பொருள் உண்டு. அதில் யாக்ஞவல்கியர் வீட்டை விட்டுப் புறப்படும்முன் சொத்தைப் பிரித்துத் தர வருகிறார். மனைவி மைத்ரேயி கேட்கிறார்: இந்த உலகச் செல்வம் முழுவதும் என் கைக்கு வந்தால் எனக்குச் சாவில்லாத நிலை கிடைக்குமா? கிடைக்காது என்கிறார் அவர். அப்படியென்றால் நீங்கள் அறிந்ததைச் சொல்லித் தாருங்கள் என்கிறார் மைத்ரேயி. கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசிய பேச்சுதான் இன்றைக்கு நமக்கு உபதேசம்.

இராமாயணத்துக்கு வாங்க. அந்தக் குடும்பம் உடைந்த இடம் அரண்மனை. பதினான்கு ஆண்டு வனவாசத்தில் சீதையும் இராமனும் இலக்குவனும் ஒன்றாக நடந்தார்கள். சித்திரகூடத்தில் தம்பி தன் கையாலேயே பர்ணசாலை கட்டினான். கங்கைக் கரையில் ஓடம் விடுகிற குகனை இராமன் தன் உடன்பிறப்பாக ஏற்றான். மாளிகையில் கிடைக்காத ஒரு சகோதரன் ஆற்றங்கரையில் கிடைத்தான். அந்தக் காட்டில் துன்பமும் வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவர்கள் ஒருவருக்கொருவர் எவ்வளவு வேண்டியவர்கள் என்பது அங்கேதான் தெரிந்தது.

இவ்வளவு தூரம் போவானேன்? நம் தாத்தா பாட்டி வாழ்ந்த தோட்டங்களை நினைத்துப் பாருங்க. இரப்பர் காட்டு ஓரத்தில், பெரிய மரத்தடியில் முனீஸ்வரர் இருப்பார். கோபுரம் இல்லை, கதவு இல்லை. ஒரு கல், ஒரு சூலம், மேலே மரம். என் பாட்டி அந்தப் பக்கம் போனால் செருப்பைக் கழற்றிவிட்டு, "ஐயா, பிள்ளைங்க வருது, பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுத்தான் காட்டுக்குள் கால் வைப்பாராம். காடு நம்முடையது இல்லை, அதற்கு ஒரு காவல்காரர் இருக்கிறார் என்ற எண்ணத்தை நான் சுற்றுச்சூழல் பாடத்தில் படிக்கவில்லை. பாட்டியிடம்தான் கேட்டேன்.

வடக்கே ஒரு காடு

நம் ஜொகூரின் வட எல்லையில், பகாங்கைத் தொட்டபடி எண்டாவ்-ரொம்பின் காடு இருக்கிறது. சுமார் 870 சதுர கிலோமீட்டர். குளுவாங்கைத் தாண்டி காஹாங் போய், அங்கிருந்து 50 கிலோமீட்டருக்கு மேல் கரடுமுரடான பாதையில் நான்கு சக்கர இயக்க வண்டியில் போனால் கம்போங் பெத்தா. ஜக்குன் பூர்வகுடி மக்களின் கிராமம் அது.

போன வருடப் பள்ளி விடுமுறையில் அப்பா, அம்மா, தங்கை, நான், நான்கு பேரும் போனோம். அதைச் சொல்லும்முன் எங்கள் வீட்டைச் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு ஷிப்ட் வேலை. அவர் இரவு வேலை முடிந்து வரும்போது நான் வகுப்புக்குப் புறப்படுவேன். அம்மா சமையலறையில், தங்கை கைப்பேசியில். ஒரே கூரைதான், ஆனால் நான்கு கால அட்டவணை. அப்பா என்னிடம் பேசுவது பெரும்பாலும் ஒரே வார்த்தை: "சாப்பிட்டியா?" உங்கள் வீட்டிலும் இப்படித்தான் என்று பல பேர் என்னிடம் சொல்லியிருக்கிறீர்கள்.

கம்போங் பெத்தாவுக்கு வெகு முன்பே கைப்பேசியில் கோடு போய்விட்டது. தங்கை முதல் ஒரு மணி நேரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். படகில் ஏறி ஆற்றில் மேலே போகப் போக அப்பா பேச ஆரம்பித்தார். தோட்டத்து ஓடையில் கைலியை வலையாக்கி மீன் பிடித்தது, அட்டை கடித்தால் சுண்ணாம்பு தடவியது, பெத்தாய் மரத்தில் ஏறி விழுந்து தாத்தாவிடம் அடி வாங்கியது. இருபத்திரண்டு வருஷம் அவரோடு வாழ்ந்திருக்கிறேன், இதில் ஒரு கதைகூட எனக்குத் தெரியாது. அம்மாவுக்கே பாதி புதுசு! "இதெல்லாம் ஏன் சொல்லவே இல்லை?" என்று அம்மா கேட்டார். "எப்ப கேட்டீங்க?" என்றார் அப்பா.

படகை ஓட்டியவர் அந்தக் கிராமத்துப் பெரியவர். தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே மேலே மழையா இல்லையா என்று சொல்வார். எங்களில் ஒருவர்கூடப் பட்டம் வாங்காத படிப்பு அது. அவரிடம் மரியாதையாகப் பேசும்போது எனக்குக் குகன்தான் நினைவுக்கு வந்தார். காட்டுக்குப் போகிற நாம், காட்டு மக்களை வேலைக்காரர் மாதிரி நடத்தினால், இராமாயணம் படித்து என்ன பயன்?

உப்பே குலிங் என்ற இடத்தில் பாறை முழுக்கத் தொட்டி தொட்டியாகக் குழிகள். மனிதன் தோண்டியது போலவே இருக்கும். ஆற்றுச் சுழலில் சிக்கிய கூழாங்கல்லும் மணலும் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி, காலம் காலமாகப் பாறையைக் குடைந்த குழிகள் அவை. எங்கள் ஆய்வகத்தில் துளையிட வைரம் பதித்த கருவி வேண்டும். இங்கே மணலும் பொறுமையும் போதுமாக இருந்தது. தினமும் செய்கிற நாமஜெபம் என்ன மாற்றத்தைத் தந்துவிடும் என்று கேட்கிற நண்பர்களுக்கு அந்தப் பாறையைக் காட்ட வேண்டும். ஒரு சுற்றில் ஒன்றும் தெரியாது. நிறுத்தாமல் சுற்ற வேண்டும்.

அன்று மாலை ஆற்றங்கரையில் நான்கு பேரும் சேர்ந்து தேவாரம் பாடினோம். ஒலிபெருக்கி கிடையாது, பூச்சிகளின் சத்தம்தான் தாளம். வீட்டில் நான்கு பேரும் ஒன்றாக உட்கார்ந்து பாடி எத்தனை வருஷம் ஆச்சு என்று யாரும் கணக்குச் சொல்லவில்லை.

பார்த்தவர்தான் காப்பார்

இந்தக் காடு சும்மா தப்பிக்கவில்லை. 1977இல் இங்கே மரம் வெட்ட அனுமதி கொடுக்கப்பட்டபோது நாடு முழுக்க எதிர்ப்பு எழுந்தது. பிறகு வெட்டு நின்றது. 1985-86இல் மலாயா இயற்கைக் கழகத்தார் ஆய்வுப் பயணம் போய், அங்கே என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று பதிவு செய்தார்கள். எண்டாவ் பெயரையே தாங்கிய ஒரு விசிறிப் பனை வகைகூட அங்கே உண்டு. 1993இல் ஜொகூர் பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அங்கே போனார்கள், பார்த்தார்கள், விரும்பினார்கள், அதனால் காத்தார்கள்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். 2019 மார்ச் மாதம் சுங்கை கிம் கிம்மில் இரசாயனக் கழிவைக் கொட்டினார்கள். பாசிர் கூடாங்கில் 111 பள்ளிகள் மூடப்பட்டன. மூச்சுத் திணறி, வாந்தி எடுத்து, ஆயிரக்கணக்கானோர் சிகிச்சைக்குப் போனார்கள். நான் அப்போது இடைநிலைப் பள்ளி மாணவன். அம்மா சன்னல் இடுக்கில் ஈரத் துணி அடைத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்த வாரம் எங்கள் தெருவில் பாதிப் பேர் கேட்ட கேள்வி என்ன தெரியுமா? "கிம் கிம்மா? அந்த ஆறு எங்கே இருக்கு?"

நம் வீட்டுக்குப் பக்கத்தில் ஓடும் ஆறு. அது நோயாகி நம் மூக்குக்குள் வந்த பிறகுதான் பெயர் தெரிந்தது. கழிவைக் கொட்டியவர்களைச் சட்டம் கேட்கும். நம்மைத் தர்மம் கேட்கும்: தெரியாத ஆற்றை நீ எப்படிக் காப்பாய்? யாருமே போய்ப் பார்க்காத ஆற்றில்தான் இரவில் லாரி வந்து நிற்கும். தினமும் நான்கு குடும்பம் காலாற நடக்கிற கரையில் அது அவ்வளவு சுலபம் இல்லை. அதனால்தான் சொல்கிறேன், குடும்பத்தோடு காட்டுக்கும் ஆற்றுக்கும் போவது வெறும் உல்லாசம் இல்லை. அது வழிபாட்டின் ஒரு பகுதி.

நாளை நம்மில் பலர் ஆலைகளில் பொறியாளராக, மேற்பார்வையாளராக இருப்போம். ஒருநாள் ஒரு தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். கழிவை முறையாக அனுப்பச் செலவு அதிகம், வேறு வழி இருக்கிறது என்பார்கள். தெளிந்த ஆற்றில் தங்கையோடு குளித்தவன் கை அந்த இடத்தில் தயங்கும். சட்டப் புத்தகம் மட்டும் படித்தவன் கை தயங்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது.

என்ன செய்யலாம்?

எண்டாவ் தூரம், செலவு அதிகம் என்றால் கோத்தா திங்கி அருவி இருக்கிறது. குளுவாங்கில் குனோங் லம்பாக் இருக்கிறது. அதுவும் முடியாவிட்டால் நம் கடற்கரை. மாதத்தில் ஒரு ஞாயிறு, அப்பாவின் ஓய்வு நாளைக் கேட்டு வைத்துக்கொண்டு புறப்படுங்க. நாசி லெமாக்கைப் பாலித்தீனில் கட்டி வாங்காமல் வீட்டுப் பாத்திரத்தில் புளிச்சோறு கட்டுங்க. கைப்பேசிகளை ஒரு பையில் போட்டு அம்மா கையில் கொடுங்க. தாத்தா பாட்டி இருந்தால் கட்டாயம் கூட்டிப் போங்க. கதை அவர்களிடம்தான் இருக்கிறது.

ஆனால் பக்தி இருந்தால் பத்திரம் தானாக வந்துவிடாது. அருவியில் தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, இலையும் குச்சியும் அடித்து வந்தாலோ, உடனே எல்லாரும் கரையேற வேண்டும். மேலே மழை பெய்து 'கெப்பாலா ஆயேர்' வரும் அறிகுறி அது. ஆண்டு இறுதி அடைமழைக் காலத்தில் எண்டாவ் பூங்காவையே மூடி வைப்பார்கள். அந்த மாதங்களில் ஆற்றுப் பக்கம் போகவே வேண்டாம்.

இன்னொன்று, நம்மவர்களுக்கே. பூசை முடிந்த மாலையையும் பழத்தையும் பிளாஸ்டிக் பையோடு ஆற்றில் விடுகிறோமே, அது எந்த ஆகமத்தில் இருக்கிறது? பூ மண்ணுக்குப் போகட்டும். பை நம்மோடு வீட்டுக்கு வரட்டும்.

சிதம்பரத்துக்குத் தில்லை என்று இன்னொரு பெயர் இருப்பது தெரியும். தில்லை என்பது ஒரு மரம். சதுப்புநிலக் காட்டில், நாம் பாக்காவ் என்கிறோமே, அங்கே வளரும். அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. அதனால் மலாயில் அதை 'பூத்தா-பூத்தா' என்கிறார்கள். சிதம்பரத்துக்கு அருகே பிச்சாவரத்தில் இருக்கிற அதே தில்லை, மலேசியக் கடலோரச் சதுப்புகளிலும் வளர்கிறது. கூத்தப்பெருமான் ஆடுவதற்கு விரும்பிய வனம் நம் நாட்டுக் கரையிலும் வேர் விட்டிருக்கிறது. அதன் காலடியில் ஓடும் தண்ணீரைச் சுத்தமாக வைப்பதுதான் நாம் செய்யக்கூடிய அபிஷேகம்.

வருகிற ஞாயிறு அப்பாவுக்கு ஓய்வா என்று இன்றைக்கே கேட்டுவிடுங்க.

திருச்சிற்றம்பலம்.