பதில் சொல்ல ஆள் உண்டு

ஒரே இடத்தில் கூடாதவர்கள், ஒரே நேரத்தில் பேசாதவர்கள் தமக்குள் உரையாடுகிறார்கள் என்று சொல்லலாமா? பினாங்குக்கு இது பழகிய கேள்வி. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1971இலேயே இங்கு தொலைதூரக் கல்வியைத் தொடங்கியது. 2006இல் வாவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஜார்ஜ் டவுனில் உருவானது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்டு முடித்துச் சுங்கை பினாங் அடுக்குமாடிக்குத் திரும்புபவரும், பிள்ளைகளைத் தூங்கவைத்த பிறகே புத்தகத்தைத் திறப்பவரும் ஒரு வகுப்பில் இருந்தால், அவர்கள் சந்திப்பது இணையத்தில், எழுத்தில்தான். திங்களன்று ஒருவர் எழுதியதற்கு வியாழனன்று மற்றவர் பதில் எழுதுகிறார். அதுவும் உரையாடலே என்பது என் துணிபு. ஆனால் அது தானாக அப்படி ஆகிவிடுவதில்லை.

இதற்கான வலுவான மறுப்பு பிளேட்டோவின் 'பைத்ரஸ்' நூலிலேயே இருக்கிறது. எழுத்திடம் கேள்வி கேட்டால் அது வாய் திறக்காது, சொன்னதையே சொல்லும் என்கிறார் அங்கே சாக்ரடீஸ். நம் உரை மரபு இதற்குப் பாதி விடை தருகிறது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்கு இளம்பூரணர் கண்ட பொருளைப் பின்னே வந்த சேனாவரையர் பல இடங்களில் மறுத்தார். எழுத்து எழுத்தோடு வாதிட்டது. ஆனால் மறுக்கப்பட்டவர் திரும்பிப் பேச முடியவில்லை. 17ஆம் நூற்றாண்டில் வைத்தியநாத தேசிகர் செய்த இலக்கண விளக்கத்தின் மேல் 18ஆம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் தம் மறுப்பு நூலால் சூறாவளி கிளப்பியபோது தேசிகர் உயிரோடு இல்லை. ஆகவே குறை எழுத்தில் இல்லை. பதில் சொல்ல ஆள் இல்லாததில்தான் இருக்கிறது. இணைய வகுப்பில் அந்த ஆள் இருக்கிறார். மூன்று நாள் கழித்தாவது வந்து, "நான் சொன்னது அதுவல்ல" என்றோ, "நீங்கள் சொல்வதே சரி" என்றோ அவரால் எழுத முடியும். மனம் மாற இடமிருப்பதுதான் உரையாடலின் உயிர். அதற்கு இருவரும் ஒரே நொடியில் இருந்தாக வேண்டியதில்லை.

தாமதம் ஒரு குறை என்றுகூட நான் ஒப்பமாட்டேன். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று 1970களில் அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ கண்டார். மூன்று நொடி பொறுத்தாலே பதில்கள் நீண்டன, வாய் திறக்காத மாணவரும் பேசினர். மூன்று நொடிக்கே அவ்வளவு பலன் என்றால், மூன்று நாள் அவகாசம் கூச்சமுள்ளவருக்கும் மொழி தடுமாறுபவருக்கும் எவ்வளவு பெரிய நியாயம்! மாணவர் பேசுவது கல்விக்கே தேவை: ஆசிரியரிடம் கேட்டால் கிடைப்பது கால் பங்கு, உடன் பயில்வோரிடம் கால் பங்கு, பிறருக்கு எடுத்துரைக்கும்போதே மீதி அரைப்பங்கு என்று நன்னூல் கணக்கிடுகிறது. விரிவுரையாளரே பேசி முடிக்கும் வகுப்பு அந்த முக்கால் பங்கைத் தொடுவதே இல்லை.

"நடைமுறையில் வருவதெல்லாம் 'அருமையான கருத்து, உடன்படுகிறேன்' என்ற வரிதானே?" என்று கேட்பார்கள். உண்மைதான். கனடாவில் காரிசன், ஆண்டர்சன், ஆர்ச்சர் மூவரும் இணைய வகுப்பு விவாதங்களைப் பற்றி 2001இல் வெளியிட்ட ஆய்வில், கருத்துகளை எடுத்துப் போடும் கட்டத்தில் நின்ற பதிவுகளே அதிகம். தீர்வை எட்டியவை மிகச் சில. இதை மாணவரின் சோம்பல் என்று நான் படிக்கவில்லை. ஒரு பதிவு, இரண்டு பதில், இத்தனை மதிப்பெண் என்று விதித்தால் அவர்கள் கணக்கைத்தான் முடிப்பார்கள். பாடநூலில் விடை உள்ள கேள்விக்கு முப்பது பேர் எழுதினாலும் ஒரே பதில்தான் வரும். நேர்மையான இருவர் வேறுபடக்கூடிய கேள்வி வேண்டும். எதிர்த் தரப்பின் காரணத்தை முதலில் சரியாக எடுத்துச் சொல்லிவிட்டு மறுக்க வேண்டும். கருத்தை மாற்றிக்கொண்டவர் ஏன் மாற்றினார் என்று எழுதினால் அதற்கும் மதிப்பெண் உண்டு என்றாக வேண்டும். விரிவுரையாளர் முதல் நாளே தீர்ப்புச் சொல்லக்கூடாது, காணாமலும் போகக்கூடாது.

முகமும் குரலும் தருவதை எழுத்து தராது. மனம் புண்பட்ட மாணவரை நேரில் பார்த்தோ தொலைபேசியில் அழைத்தோதான் பேச வேண்டும். மற்றபடி, விரிவுரையாளர்களே, அடுத்த வாரக் கேள்வியைப் பதிவிடும் முன் அதற்கு உங்களிடமே இரண்டு விடைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்றுதான் இருக்கிறது என்றால் வேறு கேள்வி எழுதுங்கள்.