தந்தையின் நோயும் படிவத்தின் கட்டமும்

மருத்துவக் காப்பீட்டு விண்ணப்பப் படிவத்தில் ஒரு பகுதி உண்டு. சர்க்கரை, இரத்த அழுத்தம், இருதய நோய், சிறுநீரகக் கோளாறு, புற்றுநோய் என்று வரிசையாக அச்சிட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘ஆம்’, ‘இல்லை’ என இரு கட்டங்கள் போட்டிருப்பார்கள். வயது முதிர்ந்த பெற்றோருக்காக அப்படிவத்தை நிரப்பும் பிள்ளைகளின் பேனா அவ்விடத்தில் தயங்கி நிற்கிறது. அந்தத் தயக்கத்தைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் வளைகுடா நாடொன்றில் கணக்கெழுதும் வேலையில் இருக்கிறார். அவருடைய வாப்பாவுக்கு வயது 67. நெடுங்காலச் சர்க்கரை நோய் இப்போது சிறுநீரகத்தைத் தொட்டுவிட்டது. இரு நிறுவனங்கள் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிவிட்டன. மூன்றாவது நிறுவனத்தின் ஏஜெண்டு, “எல்லாவற்றிலும் ‘இல்லை’ என்று எழுதுங்கள், ஐந்து வருடம் தள்ளிவிட்டால் ஒருவரும் கேட்க மாட்டார்கள்” என்று வழி சொல்லியிருக்கிறார். மாணவர் நம்மைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டார்: “ஹஜ்ரத், பெற்றோரை நோக்கிச் ‘சீ’ என்றுகூடச் சொல்லலாகாது என்று ஓதிக் கொடுத்தீர்களே, அந்த வாப்பாவின் உயிருக்காக ஒரு கட்டத்தில் பொய் எழுதினால் அதுவும் பாவமா?”

காப்பீடு கூடுமா கூடாதா என்னும் வாதத்தை இங்கே விரிக்கப் போவதில்லை. கடல் வாணிபக் காப்பீட்டைப் பற்றி 19ஆம் நூற்றாண்டிலேயே திமிஷ்கின் இப்னு ஆபிதீன் அவர்கள் எழுதியிருக்கிறார்கள். 1985-ல் ஜித்தாவிலுள்ள சர்வதேச ஃபிக்ஹு சபை, வணிகக் காப்பீட்டை விலக்கி, ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுறவுக் காப்பீட்டை ஏற்றது. நம் நாட்டு உலமாக்களிடையே நிர்ப்பந்தத்தை முன்னிட்டு வேறு கருத்துகளும் உள்ளன. அவரவர் நம்பும் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளட்டும். மாணவர் கேட்டதோ அதற்கு அடுத்த கேள்வி.

ஏஜெண்டு சொன்ன ஐந்து வருடக் கணக்கு வெறும் கற்பனையன்று. இந்தியக் காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையம் 2024-ல் விதிகளைத் திருத்தியது. தொடர்ந்து 60 மாதங்கள் பாலிசி நடந்துவிட்டால், நோயைச் சொல்லவில்லை என்ற காரணத்தைக் காட்டி நிறுவனம் பணத்தை மறுக்க இயலாது. முன்னர் இது எட்டு ஆண்டுகளாக இருந்தது. ஆனால் அதே விதியில், மோசடி என்று நிரூபிக்கப்பட்டால் இச்சலுகை இல்லை என்றும் இருக்கிறது. அறிந்தே ‘இல்லை’ என்று எழுதுவதற்கு வேறு என்ன பெயர்? அன்றியும் ஐந்தாண்டு வரை நோய் காத்திருக்குமா? மருத்துவமனையில் சேர்த்த அன்றே, “எத்தனை வருடமாகச் சர்க்கரை?” என்று டாக்டர் கேட்பார், வாப்பா உண்மையைச் சொல்வார், அது குறிப்பேட்டில் ஏறும், அந்தக் குறிப்பேடே நிறுவனத்தின் மேசைக்குப் போகும்.

பிடிபடாமலே போனாலும் விஷயம் தீர்ந்துவிடாது. ஃபுகஹாக்கள் ‘கழா’ என்றும் ‘தியானத்’ என்றும் இரண்டைப் பிரித்துப் பேசுவர். முன்னது நீதிபதியின் முன் நிற்பது. பின்னது அடியானுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையில் நிற்பது. அறுபது மாதம் முன்னதை மூடலாம். பின்னதற்குக் காலவரம்பு இல்லை.

ஸஹீஹ் முஸ்லிமில் வரும் ஒரு நிகழ்ச்சியை நம் வீடுகளில் அறியாதார் இரார். கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் தட்டியது. மழையில் நனைந்ததென்று வணிகர் சொன்னார். நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, ஏமாற்றுகிறவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று அறிவித்தார்கள். மழை பெய்தது வணிகரின் குற்றமன்று. ஈரத்தை அடியில் தள்ளியதே குற்றம். நோயும் மழையைப் போன்றதே. அது வாப்பாவின் தவறுமன்று, மகனின் தவறுமன்று. அதைக் குவியலின் அடியில் தள்ளும் கை மட்டும் மகனுடையது. நிறுவனத்தின் பணம்தானே என்று சிலர் சொல்வர். அந்தப் பணம் ஆயிரக்கணக்கானோர் கட்டிய பிரீமியம். அவர்களிலும் நோயை ஒப்புக்கொண்டு, அதற்கென்று கூடுதலாகக் கட்டிய முதியவர்கள் உண்டு.

இப்படிச் சொல்வதால் நிறுவனங்களை நல்லவர்கள் என்று நாம் சான்று கொடுத்ததாகக் கொள்ளலாகாது. அறை வாடகைக்கு வரம்பு, சிகிச்சைச் செலவில் ஒரு பங்கை நோயாளியே தர வேண்டும் என்ற நிபந்தனை ஆகியவற்றைப் பொடி எழுத்தில் அச்சிடுவதும் ஈரத்தை அடியில் தள்ளுவதுதான். நோய் வந்த பிறகே எல்லாரும் சேர்வதானால் நிதி வற்றிவிடும் என்று அவர்கள் சொல்லும் நியாயத்தை மறுப்பதற்கில்லை. ஆனால் இந்தத் தலைமுறை முதியவர்கள் வேண்டுமென்றே காலம் கடத்தியவர்களா? தனிமனிதர்களுக்கான ‘மெடிக்ளைம்’ பாலிசி இந்தியாவில் வந்ததே 1986-ல்தான். அது பட்டணத்து அலுவலகங்களைத் தாண்டி நம் கடைத்தெருக்களுக்கு வந்து சேர வெகுகாலம் ஆயிற்று. யாரும் கேளாத காலத்தில் எதைச் சொல்லி எதில் சேர்ந்திருப்பார்கள்?

மாணவரிடம், திறந்திருக்கும் கதவுகளை முதலில் தட்டிப் பார்க்கச் சொன்னோம். புதிதாகச் சேர்வோருக்கான விதியில் இருந்த 65 வயது என்ற வரையறை 2024-ல் நீங்கிவிட்டது. ஆயினும் ஒரு குறிப்பிட்ட நோயாளியை ஏற்பதும் மறுப்பதும் நிறுவனத்தின் விருப்பமே. ஒப்புக்கொண்ட பழைய நோய்க்கான காத்திருப்புக் காலம் 48 மாதத்திலிருந்து 36 மாதமாகக் குறைந்திருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் பழைய நோய்க்கென்று காத்திருப்பு இல்லை. ஆனால் அது வருமான வரம்புக்கு உட்பட்ட குடும்பங்களுக்கு. ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் 70 வயது நிறைந்த எவரும் வருமானம் பாராமல் சேரலாம் என்று 2024 அக்டோபரில் மத்திய அரசு விரிவுபடுத்தியது. ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை. வாப்பாவுக்கோ 67. தம்பி சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறார்; ஊழியர்களுக்கான கூட்டுப் பாலிசியில் பெற்றோரையும் சேர்ப்பார்களா என்று விசாரிக்கச் சொன்னோம். பல கம்பெனிகளின் கூட்டுப் பாலிசிகள் பழைய நோயையும் முதல் நாளிலிருந்தே ஏற்கின்றன. எல்லாரையும் ஒன்றாகச் சேர்க்கும்போது நோயாளி தனியே துருத்திக்கொண்டு தெரிவதில்லை. தம்பியின் கம்பெனியிலோ மனைவி மக்களுக்கு மட்டும்தான்.

மாணவர் ‘ஆம்’ என்றே எழுதி வேறொரு நிறுவனத்துக்கு அனுப்பினார். பிரீமியத்தைக் கூட்டி, சிறுநீரக நோய்க்கு 36 மாதக் காத்திருப்பு வைத்து ஏற்றுக்கொண்டார்கள். எப்படிக் கூட்டினாலும் வாப்பாவுக்கு 70 ஆகும் வரை மூன்றாண்டு இடைவெளி. அந்த மூன்றாண்டில் டயாலிசிஸ் தொடங்கினால் செலவு யாருடையது? மூத்தவன் வெளிநாட்டில் இருக்கிறான் என்ற ஒரே காரணத்துக்காக உறவினர் அனைவரும் அவன் முகத்தையே பார்ப்பார்கள். கடைசியில் தங்கைகளின் வளையல்கள் அடகுக்குப் போகும். உண்மை சொல் என்று நாம் ஃபத்வா கொடுத்துவிட்டு, அந்த உண்மைக்கு அவர் கொடுக்கும் விலையை அவர் தலையிலேயே விட்டுவிட்டுப் போகலாமா?

அஷ்அரீ கூட்டத்தாரைப் பற்றிய ஹதீஸை இங்கே நினைக்க வேண்டியிருக்கிறது. உணவு குறைந்துபோனால் அவர்கள் தங்களிடம் உள்ளதையெல்லாம் ஒரே துணியில் கொட்டி, ஒரே பாத்திரத்தால் அளந்து சமமாகப் பங்கிட்டுக் கொள்வார்களாம். அவர்கள் தம்மைச் சார்ந்தவர்கள், தாம் அவர்களைச் சார்ந்தவர் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறினார்கள். தானியக் குவியலை மறைத்தவரிடம் இல்லையென்ற அதே உறவைத் துணியை விரித்தவர்களுக்கு வழங்கினார்கள். இரண்டு ஹதீஸ்களையும் நாம் மிம்பரில் ஓதுகிறோம். முதலாவதைத் தனிமனிதனுக்குச் சொல்லிவிட்டு, இரண்டாவதைச் சரித்திரமாக்கி விடுகிறோம்.

நம் மஹல்லாக்களில் மையித்துக்கு ஏற்பாடு இருக்கிறது. கஃபன் துணி, சந்தூக்கு, குழி வெட்டும் கூலி யாவும் ஜமாஅத்தின் பொறுப்பு. இறந்தவருக்கு என்ன நோய் இருந்தது என்று யாரும் படிவம் நீட்டுவதில்லை. உயிரோடு இருப்பவருக்கு அப்படி ஒன்றும் இல்லை. 400 குடும்பங்கள் மாதம் 100 ரூபாய் வைத்தால் ஆண்டுக்கு 4,80,000 ரூபாய் சேரும். பத்துப் பேரின் முழுச் செலவை அது தாங்காது. காத்திருப்புக் காலத்தில் தவிப்பவர்களுக்குத் தோள் கொடுக்கும். ஜகாத் தொகையை இதில் கலக்க வேண்டியதில்லை; அதற்கு உரியவர்கள் வேறு. இது கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவரேயான நிதி.

இதை எங்கள் மஹல்லாக் கூட்டத்தில் எடுத்து வைத்தபோது பலரும் தலையசைத்தார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து, “ஏற்கெனவே சீக்கில் கிடப்பவர்களையும் சேர்த்தால் கட்டுப்படியாகுமா, ஹஜ்ரத்?” என்று கேட்டார். பதிவேட்டில் முதலில் அவர்களுடைய பெயர்களையே எழுதச் சொன்னோம். மோதினார் எழுதி முடித்தபோது பதினொரு பெயர்கள் இருந்தன. கேள்வி கேட்டவரின் மனைவியின் பெயர் அவற்றுள் நான்காவது.