வாங்குபவனின் அறம்

விலையைக் கொடுத்துவிட்டால் பொருளின் முற்கதையோடு நமக்குத் தொடர்பில்லை என்று எண்ணுவது நகர வாழ்வின் பழக்கம். கொட்டாஞ்சேனையில் பன்றி இறைச்சி வாங்குபவர் நிறையையும் கொழுப்பையும் பார்க்கிறார். அந்தக் கடைப்பக்கமே போகாத வெள்ளவத்தைச் சைவரோ, அப்பாவத்தில் தமக்குப் பங்கில்லை என்று அமைதி கொள்கிறார். இவ்விருவரிடமும் ஒருங்கே கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு.

ஆண் பன்றிக் குட்டிகளைப் பிறந்த சில நாட்களுக்குள் காயடிப்பது உலகின் பல பாகங்களிலும் உள்ள வழக்கம். ஜா-எல, நீர்கொழும்பு, சிலாபம் என நீளும் நமது மேற்குக் கரையின் பண்ணைகளுக்கும் அது புதிதன்று. பெரும்பாலும் மயக்க மருந்தின்றியே கத்தி பாய்கிறது. காரணம் யாது? பருவமெய்திய ஆண் பன்றிகள் சிலவற்றின் இறைச்சி சமைக்கும்போது துர்நாற்றம் வீசும். விதைகளில் உண்டாகும் அந்திரொஸ்தினோன், குடலில் உண்டாகும் ஸ்கற்றோல் என்னும் இரு பொருள்கள் கொழுப்பிலே தங்குவதால் அது விளைகிறது. முன்னதன் நாற்றத்தை மனிதருட் பலர் உணர்வதே இல்லை. ஆகவே முதன்மையாக நமது மூக்கின் பொருட்டே ஓர் உயிர் அறுக்கப்படுகிறது.

மாற்று வழிகள் உண்டு. மயக்கமும் நோவாற்றும் மருந்தும் கொடுத்து வெட்டலாம். இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் போல வெட்டாமலே வளர்த்து, முதிருமுன் இறைச்சிக்கு எடுக்கலாம். ஆனால் அவ்விலங்குகள் தம்முட் பொருதிக் காயமுறுவதுண்டு. அல்லது, விதைகளைத் தூண்டும் சுரப்பை உடலின் எதிர்ப்புச் சக்தியே அடக்கும்படி இருமுறை தடுப்பூசி ஏற்றலாம். 1998இல் அவுஸ்திரேலியாவில் அனுமதி பெற்ற இம்முறையை 2009இல் ஐரோப்பிய ஒன்றியமும் ஏற்றது. வெட்டுவதை 2018 ஜனவரி 1க்குள் தாமாகவே கைவிடுவதென 2010இல் பிரசல்ஸ் பிரகடனம் குறித்தது. அந்நாள் வந்து சென்றது, கத்தி செல்லவில்லை. ஜேர்மனியில் மயக்கமின்றி வெட்டுவது 2021இல் நின்றதற்கும் சட்டமே வேண்டியிருந்தது.

ஏன் இத்தனை தாமதம்? பண்ணையாளர் வணிகரைக் காட்டுகிறார்; வணிகர் வாங்குவோரைக் காட்டுகிறார். ஐரோப்பாவில் வாங்குவோரின் மனத்தை ஆராய்ந்தவர்கள் கண்டது சிந்திக்கத்தக்கது. இப்படி ஒன்று நடப்பதே பலருக்குத் தெரியாது. தெரிந்ததும் மயக்கமின்றி வெட்டுவதை வெறுக்கின்றனர். ஆயினும் ஊசி என்றதும், அது தம் உடலை என்ன செய்யுமோ என்று பலர் ஐயுறுகின்றனர். அம்மருந்து சுரப்பன்று, தடுப்பூசியே. ஏற்றியபின் இறைச்சிக்காகக் காத்திருக்க வேண்டிய நாள் எதனையும் ஐரோப்பிய அனுமதி விதிக்கவில்லை. ஐயுறுவது குற்றமன்று, விளக்கம் கேட்பது வாங்குவோரின் உரிமை. ஆனால் விளக்கம் கிடைத்த பின்னரும் நமது ஐயத்தையும் விலங்கின் நிச்சயமான நோவையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது நேர்மையாகாது. கத்தி இயற்கையாகவும் ஊசி செயற்கையாகவும் தோன்றுவது பழக்கத்தால் வந்த மயக்கம்.

இதனால் ஊசியைப் போற்றி அமைந்துவிடவும் முடியாது. கைதவறித் தன் உடலில் அதனை ஏற்றிக்கொள்ளும் தொழிலாளியின் இனவிருத்தி ஆற்றல் பாதிக்கப்படலாம். அதனாற் பாதுகாப்பான ஊசிக்கருவி அவசியம். பன்றிக்கு இரங்கிக் கூலியாளை மறக்கும் கருணை அரைக் கருணை. ஹோட்டல்களின் மிச்ச உணவைச் சேர்த்துப் பத்துப் பன்றி வளர்க்கும் குடும்பத்தின் தலையில் மருந்தின் விலையையும் மிருக வைத்தியரின் கட்டணத்தையும் ஏற்றிவிட்டு, இறைச்சியைப் பழைய விலைக்கே கேட்போமாயின், அது பிறர் பணத்தில் நாம் செய்யும் தருமமாகும்.

இனி, உண்ணாதவரின் அமைதியைப் பார்ப்போம். நம் ஊர்களில் தலைமுறை தலைமுறையாக ஏரும் வண்டியும் இழுத்த எருதுகள் காயடிக்கப்பட்டவையே. கோயிலிற் படைத்த பொங்கலின் அரிசிக்கும் அந்த நோவு தெரியும். தட்டிலே இறைச்சி இல்லாமை ஒன்றினாலே கை தூய்மையாகிவிடாது.

வள்ளுவர் 'புலால் மறுத்தல்' அதிகாரத்தில், உண்போர் இல்லையெனில் விலைக்கு விற்போரும் இல்லை என வாதிட்டார். புலாலைத் துறக்க இயலாதவருக்கும் அவ்வாதத்தில் ஒரு பாடம் உண்டு: கத்தியைப் பிடிப்பவன் தனியாளன்று; அவன் பின்னே வாங்குபவனும் நிற்கிறான். இந்நாட்டின் 1907ஆம் ஆண்டு மிருகவதைத் தடைக் கட்டளைச் சட்டம் விதித்த உச்சத் தண்டம் நூறு ரூபா. அத்தகைய சட்டத்தை நம்பிக் கண்ணை மூடிக்கொள்ள முடியாது. இறைச்சி எவ்வாறு வந்தது என்று கடையிற் கேட்போம். நோவைக் குறைத்த பண்ணையாளனுக்குச் சில ரூபா கூடுதலாகக் கொடுப்போம். வாங்குபவர் கேட்கத் தொடங்கினால், விற்பவர் விடை தேடியே ஆகவேண்டும்.