கீழ்வீட்டுப் பையனும் ருமேனிய மொழியும்

ருமேனியாக்காரர்கள் கூட்டம் கூட்டமாக இத்தாலிக்கும் ஸ்பெயினுக்கும் பிழைக்கப் போனார்கள். அவர்கள் விட்டுப்போன வேலைகளுக்கு இப்போது நம் பக்கத்து ஆட்கள் போகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து 2022-இல் ஒரு லட்சம் பேரை எடுத்துக்கொள்ளலாம் என்று அந்நாட்டு அரசு வரம்பு வைத்தது. நேபாளம், இலங்கை, வங்கதேசம், இந்தியா ஆகிய நாடுகளிலிருந்து போகிறவர்கள் அதில் நிறைய. சிந்தாதிரிப்பேட்டையில் எங்கள் கீழ்வீட்டுப் பையனுக்கும் வெல்டர் வேலை கிடைத்தது. ஏஜென்ட் கொடுத்த ருமேனிய வாக்கியத் தாளை எடுத்துக்கொண்டு மாடியேறி வந்தான். எந்தக் காரணமும் இல்லாமல் நான் அந்த மொழியைப் படித்துக்கொண்டிருப்பது தெருவுக்கே தெரிந்த சங்கதி. மீன் மார்க்கெட்டில்கூட ஒருவர், "அத்தக் கத்துக்கினு இன்னா சார் பண்ணப் போற?" என்று கேட்டிருக்கிறார்.

அந்தத் தாளில் இருந்தவை: 'சரி', 'புரிந்தது', 'உடனே செய்கிறேன்', 'ஹெல்மெட் போட்டிருக்கிறேன்', 'மன்னிக்கவும்'. இருந்த ஒரே கேள்வி, 'எத்தனை மணிக்கு வர வேண்டும்?'. படிக்கப் படிக்க எனக்குக் கோபம்தான் வந்தது. தேவைக்கு மட்டும் மொழி கற்றால் போதும் என்கிறோமே, அது யாருடைய தேவை? தாளை எழுதியவர் மேஸ்திரியின் தேவையைத்தான் எழுதியிருந்தார். பையன் கேட்கக்கூடியது, மறுக்கக்கூடியது, சிரிப்பதற்காகச் சொல்லக்கூடியது எதுவும் அதில் இல்லை.

அதனால் தாளை மூடிவைத்துவிட்டு இலக்கணத்திலிருந்து தொடங்கினோம். அவனுக்கு அது பிடிக்கவில்லை. "டைம் இல்ல அங்கிள்" என்றான்.

அந்த மொழியின் கதை இப்படி: கி.பி. 106-இல் ரோமானியர்கள் இன்றைய ருமேனியாவில் அடங்கும் டேசியாவைப் பிடித்தார்கள். இரு நூற்றாண்டு முடியுமுன்பே படையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். லத்தீன் தங்கிவிட்டது. ஸ்லாவியர், ஹங்கேரியர், கிரேக்கர், துருக்கியர் நடுவே அது ருமேனியனாக வளர்ந்தது. 'ஆமாம்' என்பதற்கே ரஷ்யர்களைப் போல 'தா' என்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை சிரிலிக் எழுத்தில் எழுதி, பிறகு லத்தீன் எழுத்துக்கு மாறினார்கள். அந்தக் காலத்துப் பண்டிதர்கள் ஸ்லாவியச் சொற்களைக் களையவும் பார்த்தார்கள். 'தா' அசையவில்லை. நம் தனித்தமிழ்ச் சண்டைகளைப் பார்த்து வளர்ந்த எனக்கு இந்த இடத்தில் கொஞ்சம் சிரிப்பு வந்தது.

தமிழனுக்கு இதில் சில சலுகைகள் உண்டு. ஐரோப்பியர்கள் பலரும் திணறுகிற ஓர் உயிரொலி இருக்கிறது. காசு, பாக்கு என்று சொல்லும்போது கடைசியில் உதட்டைக் குவிக்காமல் விடுகிறோமே, ஏறக்குறைய அந்தக் குற்றியலுகரம்தான் அது. பையன் முதல் தடவையிலேயே சொல்லிவிட்டான். இருபதை நம்மைப் போலவே 'இரண்டு பத்து' என்கிறார்கள். பதினொன்று அவர்களுக்குப் 'பத்தின் மேல் ஒன்று'. பிரெஞ்சும் இத்தாலியனும் பெயருக்கு முன்னால் வைக்கும் சுட்டை இவர்கள் நம் வேற்றுமை உருபுபோலப் பின்னால் ஒட்டுகிறார்கள்: 'ஓம்' என்றால் மனிதன், 'ஓமுல்' என்றால் குறிப்பிட்ட அந்த மனிதன். ஆனால் நாற்காலி ஒன்றாக இருந்தால் ஆண்பால், இரண்டானால் பெண்பால். இதைப் பற்றி நான் மேற்கொண்டு பேச விரும்பவில்லை.

தேவைக்கு மேல் மொழி கற்றவர்கள் முன்பும் உண்டு. எங்கள் சிந்தாதிரிப்பேட்டை, 1734-இல் கவர்னர் மார்ட்டன் பிட் காலத்தில் நெசவாளர்களுக்காகக் கூவக்கரையில் உண்டாக்கிய பேட்டை. அடுத்த நூற்றாண்டில் இங்கே அமெரிக்க மிஷனின் நிலையம் ஒன்று இருந்தது. அந்த மிஷனின் மைரன் வின்ஸ்லோ யாழ்ப்பாணத்திலிருந்து 1836-இல் சென்னைக்கு வந்தவர். பிரசங்கம் செய்ய அவருக்குச் சில ஆயிரம் தமிழ்ச் சொற்கள் போதும். 1862-இல் வெளியான அவருடைய தமிழ்-ஆங்கில அகராதியில் அறுபத்தேழாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. யாழ்ப்பாணத்தில் மற்றவர்கள் தொடங்கிய வேலையை வாங்கி முடித்தார் என்பது உண்மைதான். ஆனாலும் மூலிகைப் பெயர்கள், சோதிடச் சொற்கள், போதாததற்கு நம் தெய்வங்களின் பெயர்கள்! மதம் மாற்ற வந்தவருக்கு இதெல்லாம் எந்தத் தேவையில் சேரும்?

கல்கத்தாவின் அமிதா போஸ் இன்னொரு விதம். புக்கரெஸ்டில் வாழ நேர்ந்தபோது ருமேனியன் கற்றவர், அந்நாட்டின் பெருங்கவிஞர் எமினெஸ்குவை 1969-இல் வங்காளியில் கொண்டுவந்தார். பிறகு புக்கரெஸ்ட் பல்கலைக்கழகத்தில் அங்குள்ள பிள்ளைகளுக்கு வங்காளியும் சம்ஸ்கிருதமும் சொல்லிக்கொடுத்தார். கடைக்கும் அக்கம்பக்கத்துக்கும் வேண்டியதோடு அவர் நிறுத்தியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

பையனிடம் இந்தக் கதைகளைச் சொல்லவில்லை. அவனுக்கு விசா கவலை. ஆனால் வினைச்சொற்களுக்கு வந்தபோது அவனாகவே கேட்டான்: "முடியாதுன்னு எப்படிச் சொல்றது அங்கிள்?"

'நு பொத்' என்றேன். என்னால் முடியாது. பிறகு ஏன், எவ்வளவு, யார் சொன்னது, எழுதிக் கொடுங்கள் என்று கேள்விகளாகவே போயிற்று அந்தச் சாயங்காலம். இறந்தகாலம் வரை வந்தோம். அதற்குள் டிக்கெட் வந்துவிட்டது.

இலக்கணம் சம்பளத்தைக் கூட்டாது. கான்ட்ராக்டர் ஏமாற்ற நினைத்தால் ஏமாற்றவும் செய்வார். ஆனால் ஏமாற்றுகிறவரிடம் கேள்வி கேட்பதற்காவது வாயில் நாலு வினைச்சொல் இருக்க வேண்டும்.

போன மாதம் வாட்ஸாப்பில் குரல் பதிவு அனுப்பியிருந்தான். பின்னால் இரும்பு அறுக்கும் சத்தம். "அங்கிள், நீங்க கடைசில ஒட்டச் சொன்னீங்களே ஒரு 'ல்', அத்த இங்க ஒருத்தனும் சொல்றதே இல்ல. 'ஓமு', 'ஓமு'ன்றானுங்க. நான் மட்டும்தான் 'ஓமுல்'னு நியூஸ் வாசிக்கிற மாரி பேசிக்கினு இருக்கேன்."