தேவ சித்தமும் மனிதர் வாயும்

நம் கிறிஸ்தவக் குடும்பங்களில் அச்சாகும் கலியாணப் பத்திரிகைகளில் நாளையும் ஆலயத்தையும் குறிப்பதற்கு முன்பாகவே 'கர்த்தருக்குச் சித்தமானால்' என்ற தொடர் வந்து அமர்ந்துவிடுகிறது. நாளைக்கு இன்ன பட்டணம் போவோம், இன்ன லாபம் சம்பாதிப்போம் என்று நிச்சயமாய்ப் பேசுகிறவர்களைக் கண்டித்து யாக்கோபு தம் நிருபத்தின் நான்காம் அதிகாரத்தில் சொன்ன புத்திமதியின் பலன் அது. மண்டபத்துக்கு முன்பணம் கட்டி, சமையற்காரரிடம் இலைக்கணக்கும் பேசி முடித்த பின்னரும், நாளைய தினம் நம் கையில் இல்லை என்று ஒப்புக்கொள்கிற அந்த வழக்கத்தில் மெய்யான தாழ்மை இருக்கிறது. ஆனால் அதே குடும்பத்தில் ஓர் இளம் தாய் தன் குழந்தையைப் பறிகொடுத்துத் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கையில், துக்கம் விசாரிக்க வந்தவர் ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "எல்லாம் தேவ சித்தம் அம்மா, அவர் நோக்கமில்லாமல் ஒன்றும் செய்யமாட்டார்" என்று தெளிந்த குரலில் எடுத்துரைப்பதையும் நாம் கண்டிருக்கிறோம். விசுவாசத்தின் பெயரால் பேசப்படும் இந்தப் பேச்சில் தாழ்மைக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்பதே என் சந்தேகம்.

வங்காளத்துச் சீராம்பூரில் 1812ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒரு சம்பவத்தைக் கொண்டு இதைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம். செருப்புத் தைக்கும் தொழிலிலிருந்து வந்து, வேதாகமத்தை இந்திய மொழிகளில் பெயர்க்கும் பெரும் பிரயாசத்தை மேற்கொண்ட வில்லியம் கேரியும், அவருடைய தோழர்களான மார்ஷ்மனும் வார்டும் அங்கே ஓர் அச்சுக்கூடம் நடத்திவந்தனர். மார்ச் 11ஆம் தேதி, புதன்கிழமை மாலை, காகிதக் கிடங்கில் தீப்பிடித்தது. கதவு ஜன்னல்களை அடைத்துக் காற்றை மறித்து, மேலிருந்து தண்ணீர் ஊற்றி, வார்டு அந்தத் தீயை ஏறக்குறைய அடக்கிவிட்ட நேரத்தில், உதவி செய்யும் அவசரத்தில் யாரோ ஒரு ஜன்னலைத் திறந்துவிட, உள்ளே புகுந்த காற்றில் தீ கட்டிடம் முழுவதும் பரவி, நள்ளிரவுக்குள் கூரை இடிந்து விழுந்தது. தமிழ், தெலுங்கு, நாகரி, வங்காளம், சீனம் உள்ளிட்ட பல மொழிகளின் ஈய எழுத்துக்கள் உருகி ஓடின. கன்னட மொழிபெயர்ப்பின் கைப்பிரதிகளும், இலக்கண நூல்களும், சமஸ்கிருதத்தை ஆதாரமாக வைத்துக் கீழை நாட்டு மொழிகளையெல்லாம் ஒருங்கே கோத்துக் கேரி பல ஆண்டுகள் எழுதிவந்த பேரகராதியும் சாம்பலாயின.

கேரி அன்று கல்கத்தாவில், வில்லியம் கோட்டைக் கல்லூரியில் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். மறுநாள் காலை மார்ஷ்மன் போய்ச் செய்தி சொன்னார். இருவரும் மாலையில் திரும்பிவந்து புகை அடங்காத இடிபாடுகளைப் பார்த்தனர். அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை கேரி பிரசங்கத்துக்கு எடுத்துக்கொண்ட வசனம் நாற்பத்தாறாம் சங்கீதத்தின் பத்தாம் வசனம். மனிதன் ஆரவாரத்தை விட்டு அடங்கி, கடவுளைக் கடவுளாக அறியவேண்டுமென்று பணிக்கும் வசனம். தம் விருப்பப்படி நம்மை நடத்தக் கடவுளுக்கு உரிமை உண்டு, அந்தச் சித்தத்துக்கு இணங்குவது நம் கடமை என்ற இரண்டு கருத்துக்களையே அவர் விரித்துரைத்தார் என்பர். அந்தப் பிரசங்கத்தில் இருந்ததைவிட இல்லாததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது: இந்தத் தீ எதற்காக மூண்டது, இதனால் விளையப்போகும் நன்மை என்ன என்ற விளக்கத்துக்கு அங்கே இடமில்லை. இணங்குவதற்கு அவருக்குக் காரணம் தேவைப்படவில்லை.

விளக்கம் பிற்பாடு வந்தது, ஏராளமாக வந்தது. இடிபாடுகளைக் கிளறிய வார்டுக்கு, எழுத்து வார்ப்பதற்கு மூலமான எஃகு முளைகளும் செப்பு அச்சுக்களும் சேதமின்றிக் கிடைத்தன. உருகிய ஈயத்தையே மறுபடியும் வார்த்துச் சில மாதங்களில் அச்சுக்கூடம் நடக்கத் தொடங்கியது. (அந்த முளைகளுள் பலவற்றை வெட்டிய பஞ்சானன் கர்மகாரும் அவர் மருமகன் மனோகரும் இந்துக்கள் என்பதையும், மனோகர் தம் இஷ்டதெய்வத்தின் படத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் வேதாகமத்துக்கு எழுத்து வெட்டிவந்தார் என்பதையும், தேவ நோக்கத்தை வரிவரியாக விளக்க முற்படுகிறவர்கள் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள்.) செய்தி கப்பலேறி இங்கிலாந்தை எட்டியதும், இரண்டே மாதத்துக்குள் ஏறத்தாழ 10,000 பவுன் திரண்டது; அதுவரை கேரியின் பெயரையே கேட்டிராதவர்களும் அவரைப் போற்றினார்கள். இதற்காகவேதான் ஆண்டவர் அச்சுக்கூடத்தை எரித்தார் என்று எழுதவும் பேசவும் இதைவிட நல்ல ஆதாரம் வேண்டுமா?

இந்த முடிவை நான் ஏற்கவில்லை. நஷ்டத்தைவிட வரவு அதிகம் என்று கணக்கைக் காட்டிக் கடவுளின் ஞானத்தை நிரூபிக்கிறவன், வரவு வராதிருந்தால் என்ன சொல்லியிருப்பான்? வராதவையும் உண்டே. கேரியின் பேரகராதி மறுபடி எழுதப்படவேயில்லை. கேரியும் மார்ஷ்மனும் மூன்று தொகுதிகள் வெளியிட்டிருந்த ராமாயண மொழிபெயர்ப்பும் அதற்குமேல் வளரவில்லை. ஒருமுறை நடந்த வழியில் மறுமுறை நடப்பது சுலபம் என்று கேரி எழுதினார், அப்படியே இலக்கணங்களைத் திரும்ப எழுதினார், மொழிபெயர்ப்புகளைத் திரும்பச் செய்தார், எஞ்சியதை விட்டுவிட்டார். பணம் வந்து சேர்ந்ததால் உறுதிப்பட்ட விசுவாசம் அன்று அது. பணம் வருமென்ற தகவலே இல்லாத ஞாயிற்றுக்கிழமையில் பேசப்பட்ட விசுவாசம்.

இங்கிலாந்தில் இதைச் சரியாக உணர்ந்தவர் ஆண்ட்ரூ புல்லர். நிதி திரட்டும் பொறுப்பிலிருந்த அவர், இத்தனை புகழ்ச்சியாகிய தூபத்தை நாம் முகர்ந்து மயங்கினால் கடவுள் தம் ஆசீர்வாதத்தை நிறுத்திக்கொள்ளமாட்டாரா என்ற கருத்துப்பட, கலங்கிப்போய்க் கேரிக்கு எழுதினார். நெருப்பைத் தாங்கிய தாழ்மை புகழைத் தாங்குமா என்பது அவர் பயம்.

கேரியின் வாழ்க்கையில் இன்னொரு பக்கம் உண்டு. அதைச் சொல்லாமல் சீராம்பூர்த் தீயை மட்டும் சொல்லுவது நேர்மையாகாது. அவருடைய மனைவி டாரதிக்கு இந்தியா வரச் சம்மதமில்லை. 1793இல் கேரி மூத்த மகனை மட்டும் அழைத்துக்கொண்டு கப்பலேறியும், அனுமதிச் சீட்டு இல்லாத சிக்கலால் கரையிறங்க நேர்ந்தது. அந்தத் தாமதத்தில், கைக்குழந்தையோடு இருந்த டாரதியைத் திரும்பவும் வற்புறுத்தி, தங்கை உடன்வருவாள் என்ற ஏற்பாட்டின்பேரில் இணங்கச் செய்து, ஜூன் மாதம் டென்மார்க்குக் கப்பலில் குடும்பமாகப் புறப்பட்டனர். குடும்பம் பிரியாமல் காத்த இந்தத் தடையைத் தேவனுடைய ஏற்பாடென்று கேரியின் வரலாற்றை எழுதியவர்கள் வியந்திருக்கிறார்கள். அடுத்த ஆண்டே ஐந்து வயது மகன் பீட்டர் வங்காளத்தில் இறந்தான். அதன்பின் டாரதியின் சித்தம் கலங்கியது. கணவர்மேல் இல்லாத பழியெல்லாம் சுமத்திக் கூவிக்கொண்டும், பல காலம் அறையில் அடைபட்டும் இருந்து, 1807 டிசம்பரில் அவள் மரித்தாள். பக்கத்து அறையில் கேரி மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார்.

கேரிக்குக் கிருபையாகத் தெரிந்த அதே தாமதம் டாரதிக்கு என்னவாயிற்று? தன் நஷ்டத்தின்முன் அடங்கி நிற்பது ஒருவனுடைய பக்தி. பிறனுடைய நஷ்டத்தை அவனுக்காக நாமே தேவ சித்தத்தில் வரவு வைத்துவிடுவது, எத்தனை வேதவசனங்களைத் துணைக்கழைத்தாலும், அகம்பாவத்துக்கு வெகு அருகில் இருக்கிறது. யோபுவின் சிநேகிதர்கள் கடவுளின் பட்சத்தில்தான் வாதாடினார்கள். அவர்களுடைய வாதங்களில் பலவற்றை எந்த ஆலயத்திலும் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கமாக வாசிக்கலாம். முறையிட்டவன் யோபு. ஆயினும் முடிவில் கடவுள் கோபம் கொண்டது அவர்கள்மேல். தம்மைக்குறித்துச் சரியாய்ப் பேசியவன் யோபு என்றே தீர்ப்பளித்தார். அந்தத் தீர்ப்பை எண்ணும்போது, முறையீடு விசுவாசத்துக்கு விரோதமன்று என்பதும் விளங்குகிறது. கெத்செமனேயில் இயேசு முதலில் பாத்திரம் நீங்கவேண்டுமென்றே வேண்டினார்; சம்மதம் அதற்குப் பின்னரே வந்தது. அந்த முதல் வேண்டுதலைத் தாண்டிக்கொண்டு நேரே சம்மதத்துக்குப் போகும்படி துக்கத்தில் இருப்பவர்களை அவசரப்படுத்துகிறவர்கள், ஆண்டவர் நடந்ததைவிடக் குறுக்கு வழி ஒன்றைக் காட்டுகிறார்கள்.

அப்படியானால் தேவ நோக்கத்தைக் கண்டதாக ஒருவரும் சொல்லலாகாதா என்று கேட்கலாம். யோசேப்பு சொன்னான். தன்னைக் குழியில் போட்டு விற்ற சகோதரர் தகப்பனுடைய மரணத்துக்குப்பின் அஞ்சி வந்து விழுந்தபோது, அவர்கள் தீமையாக எண்ணியதைக் கடவுள் நன்மையாக எண்ணினார் என்று ஆதியாகமத்தின் கடைசி அதிகாரத்தில் சொல்கிறான். ஆனால் அதைச் சொன்னவன் குழிக்குள் கிடந்தவன். சொன்னது பல ஆண்டுகள் கழித்து. சொன்ன காரணம், எதிரே நடுங்கி நின்றவர்களை மன்னிப்பதற்காக. ரூபனோ யூதாவோ குழியின் விளிம்பில் நின்று அதே வசனத்தை அவனுக்கு உபதேசித்திருந்தால் அது எவ்வளவு கொடூரமாக இருந்திருக்கும்! டாரதிக்கு யோசேப்பைப்போல் பேசும் நாள் இவ்வுலகில் வாய்க்கவில்லை. அவள் சார்பில் அதைப் பேசிவிட, அவளோடு வாழ்ந்த கேரிக்கே உரிமை இருந்ததா என்பது கேள்வியாக இருக்கையில், பின்னாளில் வரலாறு எழுத உட்கார்ந்தவர்களுக்கு அது எங்கிருந்து வந்தது?