தழும்பு குற்றமாமோ?

தாய் வயிற்றிலுள்ள கருவின் தோலிற் கீறல் நேரின் அது தழும்பின்றி ஆறுகின்றது. மனிதக் கருவில் ஏறக்குறைய 24 வாரம் வரை இந்நிலை உளதென்பர் உடல்நூலார். பின்னர் நேரும் புண்ணெல்லாம் தழும்போடே ஆறும். ஒரே உடம்பின் தோல் முன்னொருவாறும் பின்னொருவாறும் ஆறுதற்குக் காரணம் யாது?

கருப்பையே காரணம் என்பது எளிதிற்றோன்றும் விடை. ஆண்டுக் குழவி வெதுவெதுப்பான நீரிற் கிடக்கின்றது, கிருமி அணுகுவதில்லை. ஆயின், குடத்திற்குத் திரிகையை முதற்காரணம் என்பாரது கூற்றையே இவ்விடை ஒக்கும். என்னை? வளர்ந்த ஆட்டின் தோலை ஆட்டுக் கருவின்மேல் ஒட்டிக் கீறியபோது, அக்கருப்பை நீரினுள்ளும் அது தழும்போடே ஆறிற்று. இவ்வாராய்ச்சி 1994-ல் வெளிவந்தது. மனிதக் கருவின் தோலை வளர்ந்த சுண்டெலியின் தோலுக்கடியிற் பதித்துக் கீறியபோதோ, கருப்பை இன்றியும் தழும்பின்றி ஆறிற்று, இது 1992-ல். உடன்பாட்டானும் எதிர்மறையானும் நோக்கின், முதற்காரணம் தோலின்கண்ணதே. கருப்பை துணை என்னும் அளவிற்றே. (இதனை அறிதற்கு ஆட்டுக் கருக்கள் பல கீறுண்டன. கொல்லாமையை அறமெனக் கொண்ட நாம் அதனைக் கூறாது செல்லுதல் நேர்மையன்று.)

வளர்ந்தோர் புண்ணிற் குருதி உறைந்தவுடன் வெள்ளணுக்கள் விரைந்து குழுமி அழற்சி எழும். பின் நாரணுக்கள் கொல்லாசன் என்னும் நாரினைத் தடித்த கற்றைகளாக ஒருபோக்கில் அடுக்கும். அவ்விடத்து மயிர்க்காலும் வியர்வைச் சுரப்பியும் மீள்வதில்லை. வலிமையும் பழந்தோலின் 80 விழுக்காட்டைக் கடப்பதரிது. கருவிலோ அழற்சி மிகச் சிறிது. நார் வலைபோற் பின்னிப் பண்டைத் தோலின் அமைப்பையே எய்தும்.

அற்றேல், முதிர்ந்த தோல் இழிந்ததோ எனின், அற்றன்று. முள்ளும் புழுதியும் நிறைந்த இவ்வுலகில் திறந்து கிடக்கும் புண் உயிரையே கொள்ளும். ஆகலின் அழகினை விடுத்து விரைவினைக் கொண்டது உடம்பு என்பர் ஆராய்வோர் பலர். இது பொருந்துவதென்றே யாமும் கருதுகின்றோம்.

ஆயின் இதுகொண்டு, "இயற்கை வகுத்த தழும்பை மாற்ற முயலற்க" என்பாரோடு யாம் உடன்படோம். தீயிற்பட்ட சிறுமியின் முழங்கையைத் தழும்பு சுருக்கி மடக்கிவிடுகின்றது. அவள் உண்ணக் கை நீட்டவும் இயலாது வருந்துகின்றாள். அவள்முன் நின்று அஃது அவள் வினை என வாளாவிருத்தல், வினைக்கொள்கையைத் தம் சோம்பலுக்குப் போர்வையாக்குதலே. அவளுக்குச் செய்யும் உதவியும் அவ்வினையின் வழியே வந்ததாகாதென எவர் அறிவார்?

உதவி எளிதன்று. புண்ணின்கண் தொழிற்படும் வளர்ச்சிக் காரணிகள் மூன்றனுள், முதலிரண்டும் கருவிற் குறைந்தும் மூன்றாவது மிகுந்தும் காணப்பட்டன. அம்மூன்றாவதனையே அவோடெர்மின் என்னும் மருந்தாக்கி இங்கிலாந்திற் புண்ணோரத்துச் செலுத்தினர். முற்சோதனைகளில் நம்பிக்கையளித்த அது, 2011-ல் இறுதிச் சோதனையிற் பயன் காட்டவில்லை. தோலொட்டலும் அழுத்த உடையும் கை நீட்டும் பயிற்சியுமே இன்றும் அச்சிறுமிக்குப் பெரும்பாலும் கிடைப்பன.